நம்பர் பொருந்தினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. எழுதியவருக்குப் பழைய பொருள்கள் மேல் பிரியம் இருப்பதும் தெரிகிறது. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த மூன்று யோசனைகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் நம்பர் இப்போது உற்பத்தியில் இல்லை, பெட்டியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்பது முதல் யோசனை. விடாப்பிடியானவர்கள் இணையக் கடைகளில் அதே நம்பரைத் தேடி வாங்கலாம் என்பது இரண்டாவது. அவசரத்துக்கு எந்த வீட்டு ஆம்ப்ளிஃபையரிலும் 2என் 3055 என்ற டிரான்சிஸ்டரைப் போட்டு ஓட்டலாம் என்பது மூன்றாவது. காரைக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் யோசனையால் நல்ல பெட்டி குப்பைக்குப் போகும், இரண்டாவதால் பணம் போகும், மூன்றாவதால் ஸ்பீக்கரும் சேர்ந்து போகும்.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் பெட்டிகள் இன்னும் நிறைய உண்டு. சிங்கப்பூர், மலேசியா என்று கொண்டுவிற்கப் போனவர்கள் 1970களில் ஊர் திரும்பும்போது எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவை. அலுமினிய முகப்பு, மரப்பெட்டி, ஒற்றைக் கையால் தூக்க முடியாத டிரான்ஸ்ஃபார்மர். பாடுகிறவை வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், இருக்கின்றன. பாடாதவை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளை அண்டாவுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அப்படி ஒன்றின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கும். வால்யூம் கன்ட்ரோலில் தூசி அடைந்திருக்கும். பின்பக்கம் சூட்டை வாங்கி வெளியே விடுகிற ஹீட் சிங்க் என்ற உலோகத் தகட்டில் இருக்கும் நான்கு டிரான்சிஸ்டர்களில் இரண்டு ஷார்ட் ஆகியிருக்கும். நோய் அவ்வளவுதான். அதற்காக அதன் மேல் பூச்சாடி வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

அண்மையில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கொடுத்தனுப்பிய பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஜப்பான் பெட்டி, சேனலுக்கு 50 வாட். சர்க்யூட் போர்டில் அச்சிட்டிருந்தபடி அதில் இருந்திருக்க வேண்டியவை சான்கென் நிறுவனத்தின் 2எஸ்சி 1116, 2எஸ்ஏ 747 என்ற ஜோடி. ஹீட் சிங்க்கில் இருந்தவையோ 3055-உம் அதன் ஜோடியான எம்ஜே 2955-உம். தொலைபேசியில் கேட்டேன்: "ஆச்சி, இதற்கு முன்னால் யாரிடம் கொடுத்தீர்கள்?"

"யாரோ வெளியூர் மெக்கானிக் தம்பி. நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு நாதஸ்வர ரிக்கார்டு போட்டுக் கொஞ்சம் சத்தமாக வைத்தோம். படாரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே கருகல் நாற்றம்."

மீட்டரை எடுத்து சப்ளையைப் பார்த்தேன். பிளஸ் 38 வோல்ட், மைனஸ் 38 வோல்ட். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஒரு பக்க டிரான்சிஸ்டர் முழுவதும் திறந்துகொள்ளும். அப்போது எதிர்ப்பக்க டிரான்சிஸ்டரின் தலையில் ஏறக்குறைய 76 வோல்ட் வந்து நிற்கும். டிரான்சிஸ்டரின் மூன்று முனைகள் பேஸ், கலெக்டர், எமிட்டர். 3055 கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே தாங்கக்கூடியது 60 வோல்ட். மெதுவாகப் பாடும்வரை வோல்ட்டேஜ் 38-ஐ ஒட்டியே ஏறி இறங்குவதால் வண்டி ஓடும். கல்யாணத்தன்று வால்யூமைக் கூட்டினார்கள், டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆயிற்று, 38 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குள் இறங்கியது. 8 ஓம் ஸ்பீக்கரின் சுருளை மீட்டரில் பார்த்தால் 6 ஓம் போலத்தான் காட்டும். கணக்குப் போடுங்கள்: 6 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம், 240 வாட் சூடு. எந்தச் சுருள் தாங்கும்? இப்படி ஒன்று நடந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடுவதற்கென்றே பெட்டியில் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று இருந்தது. அது அடிக்கடி கட் ஆகிறது என்று அந்தப் புண்ணியவான் அதன் இரண்டு முனைகளையும் வயர் போட்டு இணைத்திருந்தார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி.

3055 மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட். திருவிழா மைக் செட்டிலும் பவர் சப்ளையிலும் அது உழைத்த உழைப்புக்கு அளவில்லை. ஆனால் அந்த நம்பரிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆர்சிஏ முதலில் செய்த 3055 மெதுவான, முரட்டுச் சரக்கு. பின்னால் எல்லா நிறுவனங்களும் அதே நம்பரில் செய்தது எபிடாக்சியல் என்ற வேறு முறையில். அது மூன்று மடங்குக்கு மேல் வேகமானது, ஆனால் உயர்ந்த வோல்ட்டேஜில் பழைய முரட்டுத்தனம் இல்லாதது. இரண்டும் அசல்தான், இரண்டின் மேலும் ஒரே எழுத்துதான், உள்ளே இருப்பது வேறு. டிரான்சிஸ்டரின் மேல் உள்ள நம்பர் குறைந்தபட்சம் இவ்வளவு தாங்கும் என்ற உத்தரவாதம் மட்டுமே. 'அதே நம்பர்' என்று அலைகிறவர்களுக்கு இது புரிவதில்லை.

இனி இரண்டாவது யோசனை. எனக்கு உண்மையில் கோபம் வந்தது இதைப் படித்தபோதுதான். கம்பெனி உற்பத்தியை நிறுத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆன ஒரு நம்பர், பளபளவென்று புதிதாக, எத்தனை ஜோடி வேண்டுமானாலும் கிடைக்கிறது, விலையும் மலிவு என்றால், அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? தோஷிபாவின் 2எஸ்சி 3281, 2எஸ்ஏ 1302 ஜோடி நல்ல ஆம்ப்ளிஃபையர்களில் எல்லாம் இருந்தது. அதை நிறுத்திவிட்டு அந்த நிறுவனமே 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடியைக் கொடுத்தது. ஆனால் 3281 வேண்டும் என்று கேட்கிற ஆள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கேட்கிறவன் இருந்தால் அச்சடிக்கிறவன் இல்லாமல் போவானா? மலிவான ஏதோ ஒரு டிரான்சிஸ்டரின் முகத்தைத் தேய்த்து, கறுப்பு பூசி, மேலே புது எழுத்தை அடித்துவிட வேண்டியதுதான். இப்போது 5200-க்கே போலி வந்துவிட்டது என்பது தனிக் கதை.

போலியை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்காது. பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று வைத்துப் பார்த்தால் அசலும் போலியும் ஒரே மாதிரி அரை வோல்ட்டுக்கு மேல் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் துணியில் தொட்டுத் துடைத்தால் சிலவற்றில் எழுத்து கரைந்து வரும்; கொஞ்சம் விவரமான போலியில் வராது. எம்ஜே 15003 என்று எழுதி எழுபது ரூபாய்க்கு வந்த ஓர் உலோக டிரான்சிஸ்டரை வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் மூடியை அறுத்துப் பார்த்தேன். பக்கத்தில், உண்மையாக உழைத்து எரிந்துபோன அசல் ஒன்றையும் அறுத்து வைத்தேன். அசலில் தடித்த அடித்தட்டின் மேல் பெரிய சதுரச் சிலிக்கான் சில்லு, இரண்டு பக்கமும் தடித்த கம்பி. போலியில் மெல்லிய தகட்டின் நடுவே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சில்லு, தலைமுடி போல ஒரு கம்பி. 15003 என்றால் 50 வோல்ட்டில் 5 ஆம்பியரை ஒரு விநாடி தாங்க வேண்டும் என்று அதன் தயாரிப்பாளர் உறுதி தருகிறார். இந்தச் சில்லு அதில் பாதியைக்கூடத் தாங்காது. கடையில் சோதிக்கும்போது பாடும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனபின் வெடிக்கும். கெட்ட பெயர் மெக்கானிக்குக்கு.

சென்னை ரிச்சி தெருவில் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. "அண்ணே, இது டூப்ளிகேட், ஒரிஜினல் வேண்டுமானால் ஆர்டர் போட்டுத்தான் வரும்" என்று முகத்துக்கு நேரே சொல்கிற கடைக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம்தான் நான் வாங்குகிறேன்.

அப்படியானால் என்னதான் வழி? பழைய நம்பரை மறந்துவிட்டு, இன்றைக்கு உற்பத்தியில் இருக்கிற, அதைவிடத் திறமான நம்பரைப் போடுவதுதான். மோட்டரோலாவின் டிரான்சிஸ்டர் பிரிவு 1999-இல் தனி நிறுவனமாகி இப்போது ஆன்செமி என்ற பெயரில் நடக்கிறது. எம்ஜே 15003, 15004 ஜோடி 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட். எம்ஜே 21193, 21194 ஜோடி 250 வோல்ட், 16 ஆம்பியர், 250 வாட். இரண்டுமே டிஓ-3 என்கிற பழைய உலோக உருவம். அதே துளை, அதே கால் இடைவெளி, ஹீட் சிங்க்கில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போட வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கினால் ஒன்று பல நூறு ரூபாய் ஆகும். ஆச்சியின் பெட்டிக்கு 15003, 15004 வாங்கிப் போட்டேன். 76 வோல்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் வாங்கி முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதுவும் மூன்றாவது யோசனைக்கு அண்ணன்தான். முதலில் சர்க்யூட்டைப் படிக்க வேண்டும். ஜோடியில் ஒன்று என்பிஎன், மற்றது பிஎன்பி; மின்சாரம் ஓடும் திசை எதிரெதிர். 15003 என்பிஎன், 15004 பிஎன்பி. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் நல்ல பிஎன்பி பவர் டிரான்சிஸ்டர் அரிது, விலையும் அதிகம். அதனால் பல பெட்டிகளில் மேலும் கீழும் இரண்டுமே என்பிஎன் டிரான்சிஸ்டராக வைத்திருப்பார்கள். அதில் போய் 15003, 15004 என்று ஜோடியாகப் போட்டால் சுவிட்சைத் தட்டியதும் புகைதான். அங்கே இரண்டு இடத்திலும் 15003. அடுத்தது, அவுட்புட் போகும்போது தனியாகப் போவதில்லை. அதை ஓட்டுகிற டிரைவர் டிரான்சிஸ்டரையும், எமிட்டரில் இருக்கிற 0.33 ஓம் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த வெள்ளைச் செங்கல் ரெசிஸ்டர் வெளியே பழுதில்லாதது போல இருக்கும், உள்ளே அறுந்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு மைகா. உலோக டிரான்சிஸ்டரின் உடம்பே கலெக்டர். சப்ளை வோல்ட்டேஜ் முழுவதும் அதன் மேல் நிற்கும். அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய மைகாத் தகடு, இரண்டு பக்கமும் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை. பசையைச் சுண்ணாம்பு போல அப்பக் கூடாது. வழித்துவிட்டால் மைகா மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவு போதும். பழைய மைகாவைத் திரும்பப் போட்டுச் சிக்கனம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் அது குத்திக்கொண்டு போய்விடும். திருகாணி முறுக்கியதும், மின்சாரம் கொடுக்கும் முன், டிரான்சிஸ்டர் உடம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்காத மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

முக்கியமான வேலை பயாஸ். பாட்டு எதுவும் இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஒரு சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது குறைந்தால் மேல் பாதி அலையும் கீழ்ப் பாதி அலையும் சேரும் இடத்தில் ஒட்டு சரியாக விழாது. இரவில் சன்னமாக வீணை வைத்துக் கேட்கும்போது கரகரப்பு தெரியும். அது கூடினால் டிரான்சிஸ்டர் சூடாகும், சூட்டால் மின்னோட்டம் இன்னும் கூடும், கடைசியில் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். இதைச் சரிசெய்ய ப்ரீசெட் என்ற சின்னத் திருகு ரெசிஸ்டர் ஒன்று உண்டு. ஐம்பது வருடத்து ப்ரீசெட்டின் உள்ளே களிம்பு பிடித்திருக்கும். அதைத் திருகும்போது தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனால் பல சர்க்யூட்டுகளில் பயாஸ் எகிறிவிடும், புது டிரான்சிஸ்டர் அங்கேயே காலி. அதனால் சில ரூபாய் ப்ரீசெட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

முதல் தடவை சுவிட்ச் போடும்போது மெயின்ஸில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்துக்கொள்வேன். எங்கள் கடையில் அந்த பல்புக்கு ஓய்வே கிடையாது. ஸ்பீக்கர் இணைப்பு கூடாது, ப்ரீசெட் குறைந்தபட்சத்தில். பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. மங்கிய பிறகு ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின் வோல்ட்டேஜைப் பார்ப்பேன். ஆச்சியின் பெட்டியில் ஒரு பக்கம் 12 மில்லிவோல்ட், மறுபக்கம் 20. ஐம்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. அதன்பின் பல்பை எடுத்துவிட்டு, அந்த 0.33 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து ப்ரீசெட்டை மெல்லத் திருக வேண்டும். 10 மில்லிவோல்ட் வந்தால் 30 மில்லிஆம்பியர். அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பிறகு மறுபடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பெட்டிக்குப் பெட்டி அளவு மாறும். சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் சொன்னதே வேதம். சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்கிற டயோடோ சின்ன டிரான்சிஸ்டரோ ஹீட் சிங்க்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய மெக்கானிக் அதைக் கழற்றி அந்தரத்தில் விட்டிருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் நிற்காது.

புது டிரான்சிஸ்டர் அதிவேகமாக இருப்பதும் சில சமயம் தொல்லை. ஒரு மெகாஹெர்ட்ஸைத் தொடாத முரட்டு டிரான்சிஸ்டரை நம்பிப் போட்ட சர்க்யூட்டில் 30 மெகாஹெர்ட்ஸ் 5200-ஐக் கொண்டுபோய்ப் போட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வு ஒன்று கிளம்பும். பாட்டே இல்லை, ஹீட் சிங்க் மட்டும் கொதிக்கும். அவுட்புட்டில் இருக்கிற 10 ஓம் ரெசிஸ்டர் பழுப்பேறி வாடை வரும். பேஸுக்கு முன்னால் சில ஓம் ரெசிஸ்டர் போட்டு அடக்கலாம். ஆனால் அடங்கியதா என்று, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அதனால் பழைய பெட்டிக்கு முடிந்தவரை பழைய வேகத்துக்குப் பக்கத்தில் இருப்பதையே தேடுகிறேன்.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிவிட முடியும் என்று சொல்லவில்லை. ஏசி 128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் எஸ்கே 100 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செருகினால் பாடாது. ஜெர்மேனியத்துக்குப் பேஸில் 0.2 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6 வேண்டும், பயாஸ் ரெசிஸ்டர்களையே மாற்ற வேண்டும். சான்யோவின் எஸ்டிகே ஐசி இருக்கிற பெட்டிகளில் அவுட்புட் முழுவதும் அந்த ஒரே கட்டிக்குள் அடக்கம். அதில் அசல் கிடைக்காவிட்டால் போர்டையே மாற்றுவதுதான் வழி. கட்டுரையாளர் அலங்காரப் பொருள் என்று சொன்னது இவற்றில் சிலவற்றுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் தொடங்கியது. வரவேற்கிறேன். ஆனால் 1975-இல் பெட்டி செய்த கம்பெனி அதில் வந்து மேனுவல் தரப்போவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது நம்பகமான உதிரிபாகம். பொய்யான வணிகக் குறி அச்சிடுவதும் அந்தச் சரக்கை விற்பதும் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கைப்பை, செருப்பு, சோப்புத் தூள் போலிகளைப் பிடித்தால் உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. போலி டிரான்சிஸ்டரைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நிருபரை அனுப்புங்கள்; அறுத்துவைத்த இரண்டையும் மேசை மேல் வைத்திருக்கிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம். விற்கிறவர்கள் பில்லில் தயாரிப்பாளர் பெயரை எழுதித் தர வேண்டும் என்ற ஒரு கட்டாயம் வந்தாலே பாதிப் போலி ஒழியும்.

அதற்கு முன், மூன்றாவது யோசனைக்கு மட்டுமாவது வரும் ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இந்த வாரமே ஒருவர் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, பையில் நான்கு 3055-ஓடு கடைக்கு வந்துவிட்டார். அவர் பெட்டியின் சப்ளை பிளஸ் 45, மைனஸ் 45. வாங்கிய கடையிலேயே அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோ மெக்கானிக் ஒருவர்,
காரைக்குடி.